தீப்பெட்டி பாயின் பட்டுப் பரீட்சை

சென்னை முழுவதிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எதையுமே நம்பாதவர். மனிதர்களையாவது போனால் போகிறது என்று கொஞ்சம் நம்புவார். துணியை மட்டும் நம்பவே மாட்டார். அதிலும் பட்டு என்று சொல்லி எதையாவது அவர் முன்னால் நீட்டினால் வாயிலிருந்து பதில் வராது. கை சட்டைப்பைக்குள் போகும். தீப்பெட்டி வெளியே வரும்.

ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் நாங்கள் பதினெட்டு வருஷம் குடியிருந்தோம். மூன்று மாடி வீடு. நாங்கள் முதல் மாடி. எங்களுக்குக் கீழே அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவர் தீப்பெட்டி பாய், அவர் மனைவி பாயம்மா, நான் டீச்சர். ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள் நான். என் கோபத்தைப் பற்றி அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லும்.

பாயின் தொழில் கேஸ் அடுப்பு ரிப்பேர். பர்னர் அடைத்துக்கொண்டாலும் டியூபில் கசிவு என்றாலும் பாய்தான். மற்ற ரிப்பேர்காரர்கள் லைட்டர் வைத்திருப்பார்கள். பாய்க்கு லைட்டர் என்றாலே இளக்காரம். "அது சும்மா டிக் டிக்னு பேசிக்கினு இருக்கும் டீச்சர். குச்சிதான் வேலை செய்யும்" என்பார். இப்படி அடுப்புக்காக வைத்திருந்த தீப்பெட்டி எப்படிப் பட்டுக்குப் போயிற்று என்பதற்கு ஒரு கதை உண்டு. அதை அவரே என் சமையலறையில் உட்கார்ந்து, பர்னரைக் கம்பியால் குத்திக்கொண்டே சொன்னார்.

அவருக்கு ஒரே பெண். நிக்காவுக்கு முன்னால், பெண்ணோடு அனுப்பும் சாமான்களையெல்லாம் கூடத்தில் பரப்பி வைப்பார்களாம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். அந்தக் கூடத்தின் நடுநாயகமாகப் பாய், பஞ்சு வைத்துத் தைத்த பட்டு ரஜாய்ப் போர்வை ஒன்றை விரித்து வைத்திருந்தார். கூடவே பட்டு விரிப்பு, நாலு தலையணை உறை. கடைக்காரன் அசல் பட்டு என்று சத்தியம் செய்யாத குறை. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி ஆம்பூரிலிருந்து வந்திருந்தாள். ரஜாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு நூலை உருவினாள். "வத்திப்பெட்டி இருக்குதா?" என்று கேட்டாள்.

"நான்தான் குடுத்தேன் டீச்சர். பெருமையா. என் கையால, என் பாக்கெட்ல இருந்து எடுத்து."

அசல் பட்டு நூலைக் கொளுத்தினால் மெதுவாகச் சுருண்டு எரியும். தீயை எடுத்துவிட்டால் தானே அணைந்துவிடும். முடி கருகிய வாசனை வரும். சாம்பலைத் தொட்டால் பொடிந்து போகும். ஆம்பூர் பெரியம்மா கையில் இருந்த நூலோ உருகியது. பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றத்தோடு சொட்டியது. கடைசியில் கறுப்பாகக் கெட்டியாக ஒரு மணி மிஞ்சியது. பெரியம்மா அந்த மணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் காட்டினாளாம். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் பிளாஸ்டிக் ரஜாய்க்காரி என்ற பெயர் அந்தப் பெண்ணுக்கு நின்றுவிட்டது.

"ரெண்டு புள்ள பெத்துட்டா டீச்சர். இன்னும் அந்த வீட்ல அதான் பேரு" என்று சொல்லிவிட்டு பாய் அடுப்பைப் பற்றவைத்தார். நீலமாக எரிந்தது.

அன்றிலிருந்து ஊரில் யாரும் ஏமாறக்கூடாது என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டார். நல்ல எண்ணம்தான். அனுபவித்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் பாக்கியில்லை. பந்திக்கு உட்காருவதற்கு முன்னால் மணமேடைப் பக்கம் போவார். மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்திலிருந்து ஒன்று, பெண்ணின் முந்தானையிலிருந்து ஒன்று என்று நூலைப் பிய்ப்பார். வாசலுக்குப் போவார். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். பெண்ணின் அப்பா தோளில் கை போட்டு, "உங்களுது அசலு. அவங்களுது டூப்பு. மனசுல வச்சிக்கோங்க" என்று காதில் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார். தாலி கட்டி முடிந்த கையோடு பெண்ணைப் பெற்றவர் தாங்க வேண்டிய செய்தியா அது?

தி.நகரில் நடந்த கூத்துக்கு நானே சாட்சி. என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் படுக்கை விரிப்பு வாங்க, பாயையும் கூட்டிக்கொண்டு போனோம். நாலு மாடிக் கடை. மூன்றாவது மாடியில் விரிப்புகள். விற்கிற பையன் ஒரு விரிப்பைப் பிரித்து, "சில்க் ஃபீல் மேடம்" என்றான். "ஃபீலு கீதுன்னா சில்க்கு இல்லன்னு அர்த்தம்" என்றார் பாய். பையன் இன்னொன்றைப் பிரித்து, "இது ப்யூர் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றான். பாயிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. நான் உறையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்த அரை நிமிஷத்தில் உரசும் சத்தம் கேட்டது.

கூரையில் வெள்ளையாக வட்டமாக ஒன்று ஒட்டியிருந்தது. அது புகையைப் பார்த்ததும் ஊளையிட ஆரம்பித்தது. நாலு மாடி ஜனமும் படியில் இறங்கிற்று. கண்ணாடி முன்னால் நின்றிருந்த ஒரு கல்யாணப் பெண் பாதி சுற்றிய புடவையோடு தெருவுக்கு வந்துவிட்டாள். மீதிப் பாதியைப் பிடித்தபடியே விற்பனையாளரும் பின்னால் வந்தார். ஒரு பெரியவர் எடுத்து வைத்த வேட்டிக்குப் பில் போடாமல் போகக் கூடாது என்று மூடிய கவுண்டர் முன்னால் வரிசையில் நின்றார். மூன்றாவது மாடியில் பாய் மட்டும் அசையவில்லை. "டீச்சர், ஓடாதீங்க. உருகுது பாருங்க, மணி வந்துச்சி பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி அவரைப் பிடித்து நிறுத்திப் படம் எடுத்தார். அந்தப் படம் பிரிண்டாகி வாசலில் செக்யூரிட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. தொப்பி, முடி, தாடி, கையில் தீப்பெட்டி, எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. நான் மூன்று மாதம் பாண்டி பஜார் பக்கமே தலை காட்டவில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்த கதையில் எனக்கு கேன்சர் வந்தது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது. மார்பில். அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கீமோ. முதல் கீமோ முடிந்து மூன்றாவது வாரம் முடி கையோடு வந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கின முடி. கரும்பலகை பக்கம் நான் திரும்பினால் பின்வரிசைப் பிள்ளைகள் என் பின்னலைத்தான் பார்ப்பார்கள் என்று தெரியும். தெரிந்தும் கொண்டை போடாமல் போனவள் நான். அவ்வளவு கர்வம். இரண்டு நாளில் மொத்தமும் போயிற்று. என் வீட்டுக்காரர் பெருக்கி ஒரு பையில் போட்டுக் கட்டினார். அந்தப் பையை எங்கே கொண்டு போனார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

முடி போனதுகூடப் பொறுத்துக்கொண்டேன். தலை வலித்தது. தலைவலி இல்லை. தலையின் தோலே வலித்தது. தலையணையில் வைத்தால் ஒவ்வொரு மயிர்க்காலிலும் முள் குத்துகிற மாதிரி. பழைய மல்துணியைப் போட்டுப் பார்த்தேன், புதுசைப் போட்டுப் பார்த்தேன். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினேன். அது தூக்கமே இல்லை. அடுத்த ஊசிக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது, இப்படியே போனால் உடம்பு தாங்காது, முதலில் தூங்குங்கள் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு நர்ஸ், "பட்டுல உறை போட்டுப் பாருங்கம்மா. சிலருக்கு ஒத்துக்குது. அசல் பட்டா இருக்கணும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் உடனே போனில் ஆர்டர் போட்டார். நூறு சதவீதம் மல்பெரி பட்டு என்று படத்தில் போட்டிருந்தது. வந்தது. வழவழவென்றுதான் இருந்தது. தலையை வைத்த பத்து நிமிஷத்தில் வேர்த்து, தோல் துணியோடு ஒட்டிக்கொண்டது. எடுக்கும்போது உயிர் போயிற்று. நான் அந்த உறையை வராந்தாவில் வீசி எறிந்தேன். அது கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே பாய் வீட்டு வாசலில் விழுந்தது.

அவ்வளவுதான். ஐந்தாவது நிமிஷம் பாய் மாடிக்கு வந்துவிட்டார். ஒரு கையில் உறை, இன்னொரு கையில் கறுப்பு மணி.

"இன்னா சார் இது, டீச்சர் தலைக்கு இத்தயா வாங்கிக் குடுத்தீங்க?" என்று என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு ரெண்டு நாள் டைம் குடுங்க. மெட்ராஸ்ல இருக்கிற அத்தனை கடையும் பார்த்துட்டு வரேன்" என்றார்.

சொன்னபடி இரண்டு நாளில் வந்தார். நாலு சின்னத் துணித்துண்டுகள், நாலு காகிதத்தில் மடித்து. மூன்று துண்டு மூன்று கடையிலிருந்து. நாலாவது, ஒப்பிட்டுப் பார்க்க, பாயம்மாவின் நிக்கா துப்பட்டாவிலிருந்து. அந்த ஒன்றுதான் அவர் வீட்டில் இருந்த அசல் பட்டாம். ஒப்பிட ஒரு அசல் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கணக்கு டீச்சருக்குச் சந்தோஷமாக இருந்தது. துப்பட்டாவின் குஞ்சலத்தில் பாதி ஏற்கெனவே காணாமல் போயிருந்ததை பாயம்மா அதுவரை கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் சமையலறை மேடையில் வைத்து ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். முதல் மூன்றும் உருகின. "டூப்பு. டூப்பு. இதுவும் டூப்பு. இப்ப அசலு எப்படி இருக்கும்னு பாருங்க டீச்சர்" என்று நாலாவது நூலைத் தீயில் காட்டினார்.

நூல் சுருண்டது. மெதுவாக எரிந்து தானே அணைந்தது. வாசனை வந்தது.

முடி கருகும் வாசனை. என் வீட்டுக்குள், என் மொட்டைத் தலைக்கு முன்னால். அந்தப் பை ஞாபகம் வந்துவிட்டது. அது எந்தக் குப்பையில் எப்படி எரிந்ததோ என்று ஓடியது மனசு. "வெளிய போங்க பாய்" என்றேன். அவர் புரியாமல் நின்றார். "போங்கன்னு சொல்றேன்ல" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடிக் கதவு திறந்தது. அவர் காகிதங்களைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் அழுது முடித்தபோது சோறு குழைந்திருந்தது.

கீழே பாயம்மாவின் குரல் எங்கள் வீடு வரை கேட்டது. "தலையில முடி இல்லாம கிடக்குது அந்தப் பொண்ணு. அது வீட்ல போய் முடி கருகுற நாத்தத்தக் கொளுத்திட்டு வந்திருக்க. உனக்கு அறிவு கீதா இல்லயா?"

ஒரு வாரம் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். எனக்கும் ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்க உடம்பில் தெம்பில்லை. எட்டாம் நாள் காலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் வாசலில் யாரோ நிற்கிறார்கள். மழமழவென்று மொட்டை. தாடி மட்டும் பழைய தாடி.

"யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டேன்.

"நான்தான் டீச்சர்."

எனக்காக ஒரு மனிதர் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். "எதுக்குப் பாய் இதெல்லாம்" என்றேன் மெதுவாக. பாய் என்னைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்த்தார்.

"அய்ய, அப்படி ஒண்ணும் இல்ல டீச்சர். பரீட்சைக்குத்தான். நெருப்பு வச்சிப் பாக்கக் கூடாதுன்னு ஆயிப்போச்சு. வேற எப்படிப் பாக்குறது? விரலு அடுப்புல வெந்து வெந்து செத்துப் போச்சு, அதுக்குப் பட்டும் தெரியாது கோணியும் தெரியாது. கன்னத்துல தாடி. மிச்சம் இருக்கிறது தலைதான். அத்த மழிச்சிப் பார்த்தேன். எல்லாம் தெரியுது டீச்சர். ஃபேன் எந்தப் பக்கம் சுத்துதுன்னுகூடத் தெரியுது."

விஷயம் இதுதான். ஒரு வாரமாக அந்த வீட்டில் பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது. பாய் கண்ணைக் கட்டிக்கொண்டு தரையில் படுப்பார். பாயம்மா தலைக்கடியில் ஏதாவது ஒரு துணியை வைப்பார். லைனிங் துணி, மினுமினுப்புத் துணி, துப்பட்டா, ஒரு தடவை கோபத்தில் கரித்துணி. பாய் தலையை இடமும் வலமும் உருட்டிப் பார்த்து விடை சொல்வார். பிறகு மொட்டை மாடிக்குப் போய், யாருக்கும் வாசனை வராத மூலையில் நூலைக் கொளுத்தி விடையைச் சரிபார்ப்பார். டூப்பு முதலில் சில்லென்று இருந்து ஐந்து நிமிஷத்தில் புழுங்குகிறது. அசல் முதலில் ஒன்றும் செய்யாது, பிறகும் ஒன்றும் செய்யாது. முடி ஒரு நாள் வளர்ந்தாலும் முனை துணியில் மாட்டிக்கொண்டு விடை தப்பாகிறது. அதனால் தினம் காலையில் சலூன்.

"முதல் நாள் பத்துக்கு நாலு. நேத்து பத்துக்குப் பத்து" என்றார். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் அந்த முகத்தோடு மார்க் சொன்னதில்லை.

அன்றே தி.நகர் கிளம்பினோம். நானும் வரவேண்டும் என்று பாய் ஒற்றைக்காலில் நின்றார். நான் தலையைச் சுற்றித் துப்பட்டா கட்டிக்கொண்டேன். ஆட்டோவில் ஏறும்போது பாய் சட்டைப்பையைத் தடவினார். இறங்கி வீட்டுக்குள் போனார். வெளியே வந்தபோது பை தட்டையாக இருந்தது. "வச்சிட்டு வந்துட்டேன். கூட இருந்தா கை சும்மா இருக்காது" என்றார்.

பெரிய பெரிய கடைகளில் பட்டுப் படுக்கைக்கென்று தனிப் பிரிவு எங்கே இருக்கிறது என்று விசாரித்ததில், எல்லோரும் கை காட்டியது அதே நாலு மாடிக் கடையை. வாசலில் அதே செக்யூரிட்டி. பக்கத்தில் அதே படம், கொஞ்சம் வெளுத்திருந்தது. செக்யூரிட்டி படத்துக்கு நேர் எதிரே நின்ற தொப்பி இல்லாத மொட்டைத் தலையைப் பார்த்தார். "திருப்பதியா சார்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். "ஆமாப்பா" என்றார் பாய். ஐந்து வேளை தொழுகிறவர் அன்றைக்குச் சொன்ன ஒரே பொய் அது.

மூன்றாவது மாடியில் கட்டில் ஒன்றைப் பார்வைக்குப் போட்டிருந்தார்கள். பாய் செருப்பைக் கழற்றி விட்டு அதில் ஏறிப் படுத்தார். விற்பனைப் பெண் பயந்து போனாள்.

"சார், அது டிஸ்ப்ளே சார்."

"தெரியும்மா. ஒவ்வொரு உறையா கொண்டா. பட்டுன்னு எழுதியிருக்கிறத மட்டும்."

முதல் உறையில் தலையை வைத்தார். கண்ணை மூடினார். வலது பக்கம் உருட்டினார், இடது பக்கம் உருட்டினார், அசையாமல் கிடந்தார். ஐந்து நிமிஷம். "டூப்பு. அடுத்தது." இரண்டாவது. "பட்டுதான், ஆனா கலப்படம். ஊடால இன்னொரு நூலு ஓடுது, இங்க பாரு, காதுக்கு மேல அறுக்குது." மூன்றாவதில் தையல் உள்பக்கம் பிசிறு தட்டுகிறது என்றார். நாலாவதை ஈரக் கைக்குட்டையால் துடைத்து, "சாயம் போவுது, டீச்சர் தலைக்கு ஆவாது" என்று தள்ளினார். கூட்டம் கூடிவிட்டது. ஒரு அம்மா தன் பையனிடம், அந்த மாமாவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, பார்க்காதே என்றாள். மேனேஜர் வந்தார். டை கட்டியிருந்தார்.

"சார், அரை மணி நேரமாப் படுத்திருக்கீங்க. இது கடை சார்."

"நான் இன்னா தூங்கவா வந்தேன்? பரீட்சை பண்ணிக்கினு இருக்கேன்."

"யாருக்கு சார் வாங்குறீங்க?"

பாய் என் பக்கம் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அடுத்தத குடும்மா" என்றார். மேனேஜர்தான் திரும்பி என்னைப் பார்த்தார். என் துப்பட்டாவைப் பார்த்தார், புருவம் இல்லாத முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "உள்ள கோடவுன்ல இருக்கிறதையும் எடுத்துட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைக் கலைக்கப் போனார்.

பதினோராவது உறை. வெளிர் சாம்பல் நிறம், ஒரு அலங்காரமும் இல்லை. பாய் தலையை வைத்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. வாயிலிருந்து டூப்பு வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று நான் குனிந்து பார்த்தேன். கண்ணைத் திறந்தார்.

"டீச்சர், நீங்க வச்சிப் பாருங்க."

"இங்கயா?"

"இங்கதான். வீட்டுக்குப் போயி சரியில்லன்னா?"

எழுந்து கட்டிலை விட்டு இறங்கி, தலையணையைத் தட்டி நேராக வைத்தார். நான் துப்பட்டாவின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வெளியே யார் முன்னாலும் நான் அதை அவிழ்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் முன்னால்கூட. பாய் குழல் விளக்கில் பளபளக்கிற தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். விற்பனைப் பெண் ஒரு பெரிய விரிப்பை உதறி, காட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்து எனக்கும் கடைக்கும் நடுவில் நின்றாள்.

அவிழ்த்தேன். தலையை வைத்தேன். குத்தப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் குத்தவில்லை. திரும்பினேன். அப்போதும் குத்தவில்லை. எத்தனையோ நாளைக்கு அப்புறம் என் தலைக்குக் கீழே ஒரு தலையணை இருந்தது. வலி இல்லாததற்காக அழுதது அன்றைக்குத்தான்.

பில் போடும்போது மேனேஜர் தணிந்த குரலில், "உங்களுக்கு இன்னும் சந்தேகம்னா ஒரு நூல் எடுத்துத் தர்றேன் சார். கீழ தெருவுல வச்சிக் கொளுத்திப் பாருங்க. அசல்தான், நானே சொல்றேன்" என்றார். தன் வாழ்நாள் முழுவதும் எந்தக் கடைக்காரனாவது இப்படிச் சொல்லமாட்டானா என்று ஏங்கியவர் பாய். அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. காலிப் பையைத் தொட்டுத் திரும்பியது.

"வேணாம் சார்" என்றார். "நாத்தம் வரும்."

நான் தூங்கினேன். உறையைத் துவைக்கிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் தூங்கினேன். மிச்சம் இருந்த ஊசிகளும் முடிந்தன. எட்டு மாதத்தில் முடி எட்டிப் பார்த்தது. முன்பு இருந்த மாதிரி இல்லை, சுருட்டையாக, பாதி நரையாக. இருந்தாலும் முடி. நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று சீப்பு போட்டுப் பார்த்த வாரத்தில் பாய் அடுப்பு பார்க்க வந்தார். அவர் தலையிலும் முடி வந்துவிட்டிருந்தது. பர்னரைக் கழுவினார். டியூபை மாற்றினார். கம்பியைத் துடைத்தார். வேலை முடிந்தும் போகவில்லை.

"என்ன பாய்?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"ஒண்ணும் இல்லாததுக்கா கால் மணி நேரமா அதே கம்பியைத் துடைக்கிறீங்க?"

கம்பியைக் கீழே வைத்தார். "எட்டு மாசமா எனக்குச் சரியா தூக்கம் இல்ல டீச்சர். தலையால பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க, எல்லாம் சரி. ஆனா கொளுத்திப் பாக்கல. படுத்தா அந்த ஆம்பூர் கிழவி கையில மணிய வச்சிக்கினு வந்து நிக்குது. பொண்ணு விஷயத்துல ஏமாந்தேன். உங்க விஷயத்துலயும் ஏமாந்து, அது ஏதாவது உங்க தலைய பண்ணியிருந்தா..." என்று நிறுத்தினார். "முடி வர்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

எட்டு மாதம் நான் நிம்மதியாகத் தூங்கின உறை, எனக்கு நேர் கீழே ஒரு மனிதரைத் தூங்கவிடாமல் வைத்திருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முதல் மாதமே கேட்டிருக்கக்கூடாதா இந்த ஆள்?

உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்தேன். உறையின் உள்மடிப்பிலிருந்து நானே ஒரு நூலை உருவினேன். "பத்த வைங்க" என்றேன். இரண்டு குச்சி ஒடிந்தது. மூன்றாவது பற்றியது.

நூல் சுருண்டது. மெதுவாக எரிந்தது. தீயை எடுத்ததும் அணைந்தது. வாசனை வந்தது. பாய் நூலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னலத் தொறக்கட்டா டீச்சர்?"

"வேண்டாம் பாய்" என்றேன். குனிந்து இன்னொரு தரம் நன்றாக முகர்ந்தேன். "முடி கருகுற வாசனைதான். அசல். சாம்பலைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். பொடிந்தது. விரலில் ஒட்டிய சாம்பலை அவர் துடைக்கவில்லை. கருவிப் பையையும் மறந்துவிட்டு இறங்கிப் போனார்.

மத்தியானம் பாயம்மா மேலே வந்தார். "இன்னா குடுத்தீங்க டீச்சர் அவருக்கு? வந்தவரு அப்படியே தரையில சாஞ்சாரு. சோத்துக்குக்கூட எழுந்திருக்காம தூங்கிக்கினு கீறாரு. எழுப்பட்டுமா?"

"எழுப்பாதீங்க" என்றேன். உள்ளே போய் அந்தத் தலையணையை உறையோடு எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். "தலைக்கு இதை வச்சி விடுங்க."